சப்பிரகமுவத் தோட்டங்களின் தப்பிசைக் கலைஞர்

தோட்டப்புறத்து இசையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பாட்டினை ஆராய்வர், தப்படித்தவரை எண்ணார். கேகாலை, இரத்தினபுரி இறப்பர்த் தோட்டங்களில் வெயிலேறுமுன் வெட்டினாலே பால் நன்கு வடியும். ஆதலின் முற்காலத்தில் இருட்டிலேயே தொழிலாளரைப் பெரட்டுக்களத்திற்கு அழைத்தது தப்பொலி. மரவளையத்திற் போர்த்த தோல் ஈரக்காற்றில் தளரும். மழை மிக்க அம்மாவட்டங்களில் அதனை அடிக்கடி தீயிற் காய்ச்சுதல் வேண்டும். பெரட்டுக்கு ஓரடி, சாவுக்கு வேறடி, காமன் கூத்துக்கு மற்றோரடி; ஒலியைக் கேட்டே லயத்தார் செய்தியறிந்தனர். இஃது எளிய வித்தையன்று.

சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தம் ஆங்கிலத் தேயிலைத் தோட்டக் கவிதையை வைகறைத் தப்பொலியோடு தொடங்கினார். மலைநாட்டுப் பாடல்களையும் தொகுத்தார். பாடல்கள் அச்சேறின. தாளத்தை எழுதிவைத்தார் அரியர். சாவுவீட்டிற்கு இன்றியமையாதவராயிருந்த தப்புக்காரர், சாதியின் பெயரால் இழிவாகக் கருதப்பட்டமையாற் கலைஞர் வரிசையில் வைக்கப்படவில்லை; அவர் பெயர்களும் எழுதப்படவில்லை.