கட்டை அடுக்கிய கைகள்

சிவகாசி மாணவர்களுக்குத் தீப்பெட்டி ஆபீஸைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் இத்தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். அதில் பெருங்கூட்டத்துக்குச் சோறு போட்டது கட்டை அடுக்குதல். வரிப்பள்ளம் வெட்டிய மரச்சட்டத்தில் குச்சிகளை ஒன்றையொன்று தொடாமல் பதிக்க வேண்டும். அப்போதுதான் முனைகளை ஒருசேர மருந்தில் முக்கலாம். பெண்கள் செய்தார்கள், ஒரு காலத்தில் உங்கள் வயதுச் சிறுவர் சிறுமியரும் செய்தார்கள்.

இயந்திரம் அதைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரே அளவுக் குச்சி, ஒரே அசைவு. இயந்திரத்துக்கு வேறென்ன வேண்டும்? 2017-இல் சரக்கு சேவை வரி, கைத்தீப்பெட்டிக்கு 5 விழுக்காடு, இயந்திரத் தீப்பெட்டிக்கு 18. 2020 ஏப்ரலில் இரண்டுக்கும் 12 ஆக்கினார்கள். கைவேலையின் சலுகை போயிற்று.

பக்கத்துப் பட்டாசு ஆலையிலோ மருந்து கலப்பதும் அடைப்பதும் இன்னும் பெரும்பாலும் கையால்தான். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 'ஆபத்தான வேலையையல்லவா இயந்திரம் முதலில் ஏற்க வேண்டும்?' என்பீர்கள்.

உலோகம் உரசினால் பொறி பறக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் மனித உடலும் ஒரு மின்தேக்கியே! மின்தேக்குதிறன் 100 பிக்கோஃபாரட், மின்னழுத்தம் 10,000 வோல்ட் என்று வைத்து ஆற்றலைக் கணக்கிடுங்கள்: 0.005 ஜூல். சில கலவைகள் பற்றிக்கொள்ள இதைவிடக் குறைவே போதும்.

தடித்த சுவருக்கு அப்பால் நின்று இயக்கும் கலவைக் கருவிகள் உலகுக்குப் புதியவை அல்ல. அவற்றுக்குத் தனி அறையும் முதலும் வேண்டும். சிறிய ஆலைக்கு ஆள் கூலிதான் மலிவு.