கல்லறைகள் சொல்லும் சாட்சி



கொல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட்டுக்கு இன்று அன்னை தெரசா சரணி என்று பெயர். ஆதியில் அதை 'பரியல் கிரவுண்ட் ரோடு', அதாவது இடுகாட்டுச் சாலை என்றே அழைத்தார்கள். 1767-ல் அங்கே திறக்கப்பட்ட கல்லறைத் தோட்டமே அதற்குக் காரணம். தெற்கு பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம் என்ற அந்த இடத்தில் இன்றும் சுமார் 1,600 கல்லறைகள் நிற்கின்றன.

1784-ல் ஆசியச் சங்கத்தை நிறுவிய சர் வில்லியம் ஜோன்ஸ் இங்கே அடக்கம் பண்ணப்பட்டிருக்கிறார். 1828-ல் மரித்த சார்லஸ் ஸ்டூவர்ட் என்ற படைத்தளபதியின் கல்லறை இந்துக் கோவில் வடிவில் கட்டப்பட்டிருக்கிறது.

ஆனால் பெரியவர்களின் பெயர்களைவிட, கல்லில் வெட்டிய வயதுகளே நம் மனதைத் தொடுகின்றன. ஜோன்ஸ் மரித்தது 47 வயதில். ஆங்கிலக் கவிஞர் லேண்டர் இரங்கற்பா பாடிய ரோஸ் எய்ல்மர் 1800-ல் மரித்தபோது வயது 20. கவிஞரும் ஆசிரியருமான டெரோசியோவை 1831-ல் காலரா கொண்டுபோனபோது வயது 22. சிறு பிள்ளைகளின் கல்லறைகளும் உண்டு. வங்காளத்துக்கு வரும் ஐரோப்பியரின் ஆயுள் இரண்டு மழைக்காலமே என்று அந்நாளில் சொல்வார்களாம்.

அந்த நோய்களுக்கு விடை தேடியதும் அதே வங்காளத்தில்தான். 1884-ல் ராபர்ட் காக் கல்கத்தாவில் காலராக் கிருமியை ஆராய்ந்தார். மலேரியாவைக் கொசு பரப்பும் விதத்தை 1898-ல் ரொனால்டு ராஸ் அங்கே பறவைகளிடத்தில் நிரூபித்தார். 1959-ல் சம்பு நாத் டே காலரா நச்சைக் கண்டறிந்தார். 1971-ல் டாக்டர் திலீப் மகலனாபிஸ் போன்காவ் அகதிகள் முகாமில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரால் அநேகரைப் பிழைக்க வைத்தார். மருத்துவம் எங்கிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு அந்தக் கல்லறைகளே முதல் பக்கம்.

அந்தப் பக்கம் கிழிந்துபோகவும் கூடும். அதே சாலையின் வடபுறத்தில் இன்னொரு கல்லறைத் தோட்டம் இருந்தது. நாவலாசிரியர் தாக்கரேயின் தகப்பனார் அங்கே அடக்கம் பண்ணப்பட்டார். 1953-ல் அது இடிக்கப்பட்டது. இன்று அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது. கல்கத்தாக் கல்லறை வாசகங்களை 1848-ல் ஒரு நூலாக அச்சிட்டு வைத்ததால், கல் போயும் பல பெயர்கள் தப்பின.

தெற்குத் தோட்டமும் புதர் மண்டிக் கிடந்ததுதான். 1970-களின் பிற்பகுதியில் ஆர்வலர்கள் அதைச் சீர்ப்படுத்தத் தொடங்கினார்கள். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். செங்கல் இடுக்கில் முளைக்கும் ஆலையும் அரசையும் மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்கவேண்டும். பழைய கட்டடத்துக்குச் சுண்ணாம்புச் சாந்தே ஏற்றது. சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் செங்கல் உதிர்ந்துவிடும். மழைநீர் தேங்காமல் வடிய வழி செய்யவேண்டும்.

ஆபிரகாம் சாராளை அடக்கம் பண்ண 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து நிலம் வாங்கினார். மரித்தோருக்கு ஓர் இடம் இருக்கவேண்டும் என்பது அத்தனை பழைய எண்ணம். உங்கள் சபையின் கல்லறைத் தோட்டத்திலும் எழுத்து மங்கிவரும் கற்கள் இருக்கும். அடுத்த மழைக்கு முன் வாலிபர் சிலர் நோட்டுப் புத்தகத்தோடு போய், பெயரையும் வயதையும் ஆண்டையும் எழுதி, புகைப்படமும் எடுத்து வைக்கட்டும். ஒரு சனிக்கிழமை போதும்.