கெட்ட கனவுக்கு வேறு கதை

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரை ஒட்டியிருந்த கிரெய்க்லாக்கர்ட் மருத்துவமனைக்கு, முதல் உலகப் போரின்போது மனம் நொறுங்கிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளை அனுப்பினார்கள். பகலில் ஓரளவு இயல்பாக நடமாடியவர்கள் இரவில் அலறிக்கொண்டு எழுந்தார்கள். தூங்கப் பயந்து விழித்தே கிடந்தவர்களும் உண்டு. 'நடந்ததை நினைக்காதே, மறந்துவிடு' என்பதுதான் அன்றைய மருத்துவர்களும் உறவினர்களும் அவர்களுக்குச் சொன்ன அறிவுரை.

அங்கே பணியாற்றிய டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் அந்த அறிவுரையை ஏற்கவில்லை. தமிழகத்துக்கு ஓரளவு அறிமுகமானவர் அவர். 1901-02இல் நீலகிரிக்கு வந்து தோடர்களின் வாழ்க்கையை ஆராய்ந்து, 1906இல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்ட மானுடவியலாளர். மருத்துவராகவும் அவர் நோயாளிகளை உட்காரவைத்துப் பேசச் சொன்னார், பொறுமையாகக் கேட்டார்.

அவர் பதிவு செய்த நோயாளிகளில் ஒருவர், நண்பரைத் தேடிப் போன இடத்தில் குண்டு வெடித்துத் தலையும் கைகால்களும் தனித்தனியாகச் சிதறிக் கிடந்த உடலைக் கண்டவர். பகல் முழுக்க அந்தக் காட்சியை விரட்டுவார். இரவில் அது இரண்டு மடங்கு வேகத்தோடு கனவில் வரும். ரிவர்ஸ் அவரிடம் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: உடல் அப்படிச் சிதறியிருந்தால் நண்பர் அந்தக் கணமே இறந்திருக்க வேண்டும். காயத்தோடு நாள்கணக்கில் கிடந்து துடிக்கவில்லை. அந்த அதிகாரியின் முகம் தெளிந்தது. சில இரவுகள் கனவே வரவில்லை. பிறகு வந்த கனவிலும் அதே உடல்தான், ஆனால் திகில் இல்லை. குடும்பத்தாரிடம் சேர்ப்பதற்காக நண்பரின் தோல் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது விழிப்பு வந்தது. அலறவில்லை, மெல்ல அழுதார். ரிவர்ஸ் 1917 டிசம்பரில் வாசித்த கட்டுரையில் இதை விவரித்திருக்கிறார்.

ஒரே ஒரு நோயாளியின் கதையை வைத்து சிகிச்சையை நிறுவிவிட முடியாது. ஆனால் துர்க்கனவைப் பேச்சால் மாற்ற முடியுமா என்ற கேள்வி அங்கே எழுந்துவிட்டது. விடை தேடும் ஆய்வுகளில் பல அமெரிக்காவில், வியட்நாம், ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பியவர்களிடையே நடந்தன. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் கோளாறு, அதாவது பி.டி.எஸ்.டி., 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் இடம்பெற்றது. வியட்நாமில் நேரடிச் சண்டையில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் அடிக்கடி துர்க்கனவு கண்டதாக ஒரு தேசிய ஆய்வு காட்டியது. சாதாரணக் குடிமக்களிடம் இது மிக அரிது.

துர்க்கனவோடு தூக்கமின்மையும் சேர்ந்துகொள்கிறது. போர்முனையில் இரவில் விழித்திருப்பது உயிர் காக்கும் பழக்கம். வீடு திரும்பிய பிறகும் உடல் அதை விடுவதில்லை. கதவுத் தாழ்ப்பாளை நான்கு முறை பார்ப்பார்கள். கட்டிலை விட்டுவிட்டு டி.வி. ஓடும் அறையில் சோபாவில் சாய்வார்கள். கனவுக்குப் பயந்து படுக்கும் நேரத்தைத் தள்ளிப்போடுவார்கள், சிலர் மதுவை நாடுவார்கள். மது சீக்கிரம் தூங்கவைத்தாலும் பின்னிரவுத் தூக்கத்தைக் குலைத்துவிடும். நாளடைவில் அதிர்ச்சி தணிந்தாலும் இந்தப் பழக்கங்களே தூக்கத்தைக் கெடுக்கப் போதுமானவையாகிவிடுகின்றன.

இங்கேதான் சி.பி.டி.-ஐ எனப்படும் பேச்சு சிகிச்சை வருகிறது. தூக்கமின்மைக்கென்றே உருவான இது, வழக்கமாக ஆறு முதல் எட்டு அமர்வுகளில் முடியும். முதல் வேலை, தூக்க நாட்குறிப்பு. எத்தனை மணிக்குப் படுத்தார், எப்போது கண் அசந்தார், எத்தனை முறை விழித்தார் என்று தினமும் எழுத வேண்டும். எட்டு மணி நேரம் படுக்கையில் கிடந்து ஐந்தரை மணி நேரமே தூங்குகிறார் என்று தெரிந்தால், இனி படுக்கையில் ஐந்தரை மணி நேரம்தான் என்பார் சிகிச்சையாளர். காலை ஆறு மணிக்கு எழ வேண்டுமென்றால் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு முன் படுக்கக் கூடாது. முதல் வாரம் கடினமாகத்தான் இருக்கும். ஆனால் சேர்ந்துவிட்ட தூக்கக் கடன் உடலை ஆழ்ந்து உறங்கவைக்கும். படுத்திருக்கும் நேரத்தில் 85 சதவீதம் தூக்கமாகிவிட்டால், கால் கால் மணி நேரமாகப் படுக்கை நேரத்தைக் கூட்டுவார்கள். தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும் என்பது இன்னொரு விதி. 'இன்று தூங்காவிட்டால் நாளை எதுவுமே ஓடாது' என்பது போன்ற எண்ணங்களையும் பேசிப் பேசிச் சோதித்துப் பார்க்கிறார்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் இந்தச் சிகிச்சையையே தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது.

துர்க்கனவுக்குத் தனி முறை உண்டு. ஈராக்கின் ஒரு சாலையில் வண்டி குண்டில் சிக்கும் கனவு ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் பகலில், நல்ல வெளிச்சத்தில், அந்தக் கனவைக் காகிதத்தில் எழுத வேண்டும். பிறகு தன் விருப்பப்படி மாற்றி எழுத வேண்டும். வண்டி வேறு சாலையில் திரும்பலாம், ஆற்றங்கரையில் நிற்கலாம். என்ன மாற்றுவது என்பதை அவரே முடிவு செய்வார். புதிய கனவைத் தினமும் பத்து, இருபது நிமிடம் மனத்திரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கற்பனை ஒத்திகை என்று இதைச் சொல்லலாம். பாரி கிராக்கோவும் சகாக்களும் நியூ மெக்சிகோவில் பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். 2001இல் வெளியான முடிவுகளின்படி, மூன்றே அமர்வுகளில் துர்க்கனவுகள் குறைந்தன, தூக்கம் மேம்பட்டது.

படைவீரர்களிடம் இது அவ்வளவு எளிதாக இல்லை. வியட்நாம் போரில் இருந்தவர்களிடம் 2010இல் வெளியான ஆய்வில், கற்பனை ஒத்திகை செய்தவர்களுக்கும் தூக்கத்தையும் துர்க்கனவையும் சமாளிக்கும் பொதுவான வழிகளைக் கற்றவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஈராக், ஆப்கானிஸ்தான் வீரர்களிடம் 2019இல் வெளியான ஆய்வும் இதையொட்டியே பேசியது: சி.பி.டி.-ஐயோடு ஒத்திகையைச் சேர்த்தும் கூடுதல் பலன் இல்லை.  தூக்கப் பழக்கம் சீராவதே சிலருக்கு நிவாரணம் தரக்கூடும்.

மாத்திரையின் கதையும் ஏமாற்றத்தில்தான் முடிந்தது. ரத்த அழுத்தத்துக்கான பிரசோசின் துர்க்கனவைக் குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. 304 முன்னாள் படைவீரர்களிடம் நடந்து 2018இல் வெளியான பெரிய ஆய்வில், போலி மாத்திரையைவிட அது மேலானதாக இல்லை. சிலருக்குப் பலன் தருவதாக மருத்துவர்கள் இன்றும் எழுதித் தருகிறார்கள்.

பேச்சில் இறங்கும் முன் உடலையும் பார்த்துவிட வேண்டும். தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியா முன்னாள் படைவீரர்களிடம் பரவலாகக் காணப்படுகிறது. மூச்சு முட்டி விழிப்பவர் அதைக் கனவின் வேலை என்றே நம்பிவிடக்கூடும். அதற்குத் தரப்படும், காற்றைச் செலுத்தும் முகக்கவசம் சிலருக்கு மூச்சடைப்பு பயத்தைக் கிளப்பும். கவசத்துக்குப் பழகுவதற்கும் பேச்சுதான் உதவுகிறது.

நெடுங்காலம் தூக்கக் கோளாறை பி.டி.எஸ்.டி.யின் ஓர் அறிகுறியாக மட்டுமே பார்த்தார்கள். அடிப்படைக் கோளாறு தீர்ந்தால் தூக்கம் தானே வரும் என்று காத்திருக்கச் சொன்னார்கள். அது தவறு என்று 2004இல் வெளியான ஒரு சிறிய ஆய்வே உணர்த்தியது: சிகிச்சைக்குப் பின் பி.டி.எஸ்.டி. நீங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தூக்கமின்மை அப்படியே இருந்தது. போர்க்காட்சிகளைப் பற்றி வாய் திறக்கத் தயங்கும் வீரர்கூடத் தூக்கத்தைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசுவார். பி.டி.எஸ்.டி. சிகிச்சைக்கு வருபவரிடம் 'ராத்திரி தூக்கம் எப்படி?' என்று முதல் நாளே கேட்டு, அதற்கான சிகிச்சையையும் உடனே தொடங்குவதுதான் முறை. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை இதற்காகத் தன் உளவியலாளர்களுக்கு சி.பி.டி.-ஐ பயிற்சி அளித்துவருகிறது. தூக்க நாட்குறிப்பை அலைபேசியிலேயே எழுதிக்கொள்ள அத்துறை வெளியிட்ட செயலியும் இலவசமாகக் கிடைக்கிறது.