ராவ் எழுதிய நாவலும் எழுதாத நாவலும்

புது தில்லி: பதவியை விட்டு இறங்கிய அரசியல் தலைவர்கள் சுயசரிதை எழுதுவது வழக்கம். ஐந்தாண்டுக் காலம் பிரதமராக இருந்த பி.வி. நரசிம்ம ராவோ நாவல் எழுதினார். 1998-இல் ‘தி இன்சைடர்’ என்ற அந்த ஆங்கில நாவல் வெளிவந்தபோது, அவர் எழுபத்தைந்து வயதைக் கடந்திருந்தார். அதுவே அவருடைய முதல் நாவல்.

இலக்கியம் அவருக்குப் புதிதன்று. விஸ்வநாத சத்யநாராயணாவின் தெலுங்கு நாவலான ‘வேயி படகலு’வை இந்தியில் மொழிபெயர்த்தவர் அவர். அறுபது வயதுக்கு மேல் கணினி கற்று, தம் எழுத்துகளைத் தாமே தட்டச்சு செய்தவர்.

நாவலுக்கு முதல் விளம்பரம் அவர் கேளாமலேயே கிடைத்தது. அவர் பிரதமராக இருந்த 1995-ஆம் ஆண்டில், அச்சேறாத கையெழுத்துப் பிரதியின் சில பகுதிகள் ஓர் ஆங்கில வார இதழில் வெளியாயின. பேசாமலிருப்பதையே கொள்கையாகக் கொண்டவர் எனப் பெயரெடுத்த பிரதமர், காதல் காட்சிகளையும் எழுதியிருக்கிறார் என்ற செய்தி தில்லி அரசியல் வட்டாரத்தை வியப்பில் ஆழ்த்தியது.

நாவலின் நாயகன் ஆனந்த், நிஜாம் ஆட்சிக்காலக் கிராமம் ஒன்றில் பிறந்து அரசியலுக்கு வருகிறான். அஃப்ரோஸாபாத் என்ற கற்பனை மாநிலத்தின் முதல்வராகிறான். நில உச்சவரம்பைக் கொண்டுவர முனைந்து பதவியை இழக்கிறான். ஆந்திர அரசியல் அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. 1971-இல் முதல்வரான ராவ், நிலச் சீர்திருத்தத்தால் நிலவுடைமையாளர்களின் பகையைச் சம்பாதித்தார். ‘ஜெய் ஆந்திரா’ கிளர்ச்சி மூண்ட நிலையில் 1973 ஜனவரியில் பதவி விலகினார். மாநிலத்துக்குக் கற்பனைப் பெயர் சூட்டிய அவர், நேருவையும் இந்திரா காந்தியையும் சொந்தப் பெயரிலேயே உலவவிட்டார்.

நூலை வெளியிட்டவர் அப்போதைய பிரதமர் வாஜ்பாய். எதிரணித் தலைவர் முன்வந்து வெளியிட்ட நூலின் ஆசிரியருக்கு, அவருடைய சொந்தக் கட்சி அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் போட்டியிட வாய்ப்பே தரவில்லை. வழக்குகளும் அவரைத் தொடர்ந்தன. 1993 ஜூலையில் அவரது அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை 14 வாக்கு வித்தியாசத்தில் முறியடித்தது. அப்போது எம்.பி.க்களுக்கு லஞ்சம் தரப்பட்டதாகத் தொடரப்பட்ட வழக்கில் 2000-இல் தனி நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. 2002-இல் தில்லி உயர் நீதிமன்றம் விடுவித்தது.

எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நாவலில் வாசகர்கள் தேடியது வேறு. 1992 டிசம்பர் 6 அன்று பாபர் மசூதி இடிக்கப்பட்டபோது பிரதமர் என்ன நினைத்தார்? பொருளாதாரக் கதவுகளைத் திறந்த 1991-இல் அமைச்சரவைக்குள் நடந்தது என்ன? ஆனந்தின் கதை மாநில அரசியலோடு முடிந்துவிட்டது. பிரதமர் அலுவலகத்தின் வாசலைக்கூட அது எட்டவில்லை.

அடுத்த பாகம் வரவே இல்லை. 2004 டிசம்பர் 23-இல் ராவ் காலமானார். அயோத்தி பற்றி அவர் எழுதிவைத்த நூல், மறைவுக்குப் பிறகு 2006-இல்தான் வெளிவந்தது. அது நாவலன்று, தம் தரப்பு வாதம். 2024-இல் அவருக்கு பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டபோதும் பழைய கேள்விகள் மீண்டும் எழுந்தன.

முதல் நாவலில் சொந்த வாழ்க்கையை எழுதாதவர் அரிது. கற்பனை என்ற போர்வை, மாநிலத்தில் தாம் கண்ட கோஷ்டிப் பூசலையும் பதவி வெறியையும் துணிந்து எழுத ராவுக்கு உதவியது. ஆனால், நாட்டையே ஆண்ட ஆண்டுகளுக்கு அந்தப் போர்வையும் போதவில்லை. அதிகாரத்தின் உட்புறத்தைக் கண்டவர்கள் அதை எழுதிவைக்க வேண்டும் என்பதற்கு ‘தி இன்சைடர்’ ஒரு நல்ல சான்று. அவர்கள் எந்த இடத்தில் பேனாவை மூடி வைக்கிறார்கள் என்பதற்கும் அதுவே சான்று.