தண்ணியில்லாம ஒரு குளியல்!

குளியல்னதும் பக்கெட், சோப்பு, ஹாஸ்டல் க்யூ ஞாபகம் வருதா? ஜப்பான்காரங்க தண்ணியே இல்லாம குளிக்கிறாங்க பாஸ்! 'ஷின்ரின் யோகு', அதாவது வனக்குளியல். 1982-ல் அந்த நாட்டு வனத்துறை வெச்ச பேர் இது.

நாகானோ மாகாணத்து அகசாவா காட்டுல, 300 வயசு ஹினோகி மரங்களுக்கு நடுவுல குழந்தைகுட்டியோட குடும்பமா நடக்கிறாங்க. ட்ரெக்கிங் மாதிரி வேர்க்க விறுவிறுக்க ஏற வேண்டாம். மெதுவா நடக்கணும், மர வாசனையை மூச்சுல இழுக்கணும், சும்மா உட்காரணும். (அதுதானே நமக்குக் கஷ்டம்!)

'இதெல்லாம் ஒரு வைத்தியமா?'னு சிரிக்காதீங்க. இங்கிலாந்துல கிட்டத்தட்ட 20,000 பேர்கிட்ட எடுத்த தகவலை அலசின ஆய்வு 2019-ல் வெளியாச்சு. வாரத்துக்கு 120 நிமிஷமாவது பார்க், காடு, கடற்கரைனு சுத்தினவங்கள்ல, ஆரோக்கியமா, மனநிறைவா இருக்கிறதா சொன்னவங்க அதிகம். ஒரே மூச்சா போனாலும் பிச்சுப் பிச்சுப் போனாலும் பலன் ஒண்ணுதான். ஆனா ஒண்ணு இடிக்குது. வெளியே போனதால தெம்பா, தெம்பு இருந்ததால போனாங்களா? அதை இந்த ஆய்வு நிரூபிக்கலை.

அதனால அரியர், பிரேக்-அப்னு வாரக்கணக்குல தூக்கமே வராம தவிக்கிற ஃப்ரெண்டை, மரத்தடிக்கு மட்டும் இழுத்துட்டுப் போகாதீங்க. கவுன்சலர்கிட்டயும் கூட்டிட்டுப் போங்க. மத்தவங்க, மொபைலை ரூம்லயே போட்டுட்டு இந்த வாரமே கிளம்பலாம். 120 நிமிஷம்தான்... நம்ம ஊர் சினிமாவைவிடக் கம்மி!