சின்னப் படமும் பெரிய கேமராவும்

2003 ஆகஸ்டில் கேனன் நிறுவனம் இஓஎஸ் 300டி கேமராவை அறிவித்தது. லென்ஸ் சேர்க்காமல் வெறும் பாடிக்கு அமெரிக்காவில் 899 டாலர். லென்ஸ் மாற்றிப் பொருத்தும் டிஜிட்டல் எஸ்எல்ஆர் ஒன்று ஆயிரம் டாலருக்குக் கீழே வந்தது அப்போதுதான். பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் தோளில் தொங்கிக்கொண்டிருந்த பொருளை, மாதச் சம்பளக்காரர்கள் பலநாள் யோசித்து, போனஸ் வந்ததும் வாங்கத் தொடங்கினார்கள். ஆறு மாதம் கழித்து, 2004 பிப்ரவரியில், கனடாவின் வான்கூவரில் இருந்த ஒரு சிறு நிறுவனம் ஃப்ளிக்கர் தளத்தைத் தொடங்கியது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் ஒன்று எடுக்கவும் மற்றொன்று காட்டவும் வாய்த்ததில், ஸ்டூடியோ வாசலை மிதிக்காத ஒரு தலைமுறை படம் எடுக்கக் கற்றுக்கொண்டது.

அந்த 300டி எடுத்த படம் 3,072-க்கு 2,048 பிக்சல்; மொத்தம் ஏறக்குறைய 63 லட்சம். ஃப்ளிக்கர் பக்கத்தில் அது தெரிந்ததோ 500 பிக்சல் அகலத்தில். கேமரா பதிவு செய்ததில் முப்பத்தெட்டில் ஒரு பங்குதான் பார்ப்பவர் கண்ணுக்கு எட்டியது. இன்றைய தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் பெரும்பாலும் 6,000-க்கு 4,000, அதாவது 2.4 கோடி பிக்சல் தருகிறது. இன்ஸ்டாகிராமில் நெடுவாக்கில் போடும் படம் வழக்கமாக 1,080-க்கு 1,350. பதினாறில் ஒரு பங்கு. கணக்குப்படி அன்றுதான் அதிகம் வீணாகியிருக்கிறது. ஆனால் நெட்டில் போடுவதற்கு இவ்வளவு பெரிய கேமரா எதற்கு என்று அன்று யாரும் கேட்டதாக நினைவில்லை. இன்று கேட்காதவர் இல்லை.

காரணம் எளிது. அன்று அந்த 500 பிக்சலிலேயே வித்தியாசம் தெரிந்தது. சட்டைப்பை அளவு டிஜிட்டல் கேமராவின் சென்சார் பரப்பு 25 சதுர மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 300டி-யின் சென்சார் 340-க்கும் மேல். விளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் சின்னக் கேமராவின் படத்தில் நிழலெல்லாம் புள்ளி புள்ளியாகப் பொரிந்து நிற்கும். டிஎஸ்எல்ஆரில் நிழல் நிழலாகவே இருக்கும். சின்னக் கேமராவில் பொத்தானை அழுத்தினால் ஒரு கணம் தயங்கித்தான் படம் விழும். அதற்குள் குழந்தை முகத்தைத் திருப்பியிருக்கும். முகம் துலங்கி, பின்னால் உள்ளதெல்லாம் கரைந்துபோகும் படத்தை அதில் எடுக்கவே முடியாது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டிய டிஎஸ்எல்ஆரில் எடுத்த பாட்டியின் முகத்தை, தபால்தலையளவுக்குச் சுருக்கினாலும் அடையாளம் கண்டுவிடலாம். ஆக, அந்தக் கேமராவை வாங்கியவர்கள் உண்மையில் பிக்சலுக்குக் காசு கொடுக்கவில்லை.

சுருக்கும் வேலை அன்று எடுத்தவர் கையில் இருந்தது. 2004-ல் வந்த மத்திய அரசின் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தையே பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. மூன்று எம்பி படம் ஒன்று ஏற, முழு வேகம் கிடைத்தாலும் ஒன்றரை நிமிடம். முழு வேகம் எங்கே கிடைத்தது? பிஎஸ்என்எல்லின் சில திட்டங்களில் இரவு இரண்டு மணிமுதல் காலை எட்டுவரை அளவில்லாமல் பயன்படுத்தலாம் என்று ஒரு சலுகை இருந்தது. அதற்காகவே விழித்திருந்தவர்கள் உண்டு. ஃப்ளிக்கரின் இலவசக் கணக்கோ மாதத்துக்கு இவ்வளவு எம்பி என்று அளந்து கொடுத்தது. கடைசி 200 படங்களை மட்டுமே காட்டியது. இந்த நெருக்கடியில் கண்டதையும் ஏற்ற முடியாது.

ஞாயிறு விடிகாலை சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் எடுத்த படங்கள் கார்டிலிருந்து கணினிக்கு வரும். சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒரே வலையை ஆறு கோணத்தில் எடுத்திருந்தால் ஐந்தைத் தள்ளி, மிஞ்சியதில் அடிவானம் சாய்ந்ததை நிமிர்த்தி, 800 பிக்சலுக்குச் சுருக்கி, சுருக்கியதில் மங்கியதைக் கொஞ்சம் கூர்மையாக்கி, கறுப்பு பார்டர் போட்டு, மூலையில் பெயரெழுதி, கடைசியில் ஒரு தலைப்பும் வைப்பார்கள். தலைப்புகள் பெரும்பாலும் ‘காத்திருப்பு’, ‘பசி’ என்ற ரகம். அவற்றை இன்று படிக்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. கீழே முன்பின் தெரியாத யாரோ மின்னும் எழுத்தில் விருதுப் பட்டை ஒட்டிவிட்டுப் போவார்கள். அதையும் பெருமையாகப் பார்த்தோம்.

இன்னொன்றும் இருந்தது. ஃப்ளிக்கர் படத்தோடு அதன் ஜாதகத்தையும் வைத்திருந்தது: எந்தக் கேமரா, எத்தனை மில்லிமீட்டர், அபெர்ச்சர் என்ன, ஷட்டர் என்ன, ஐஎஸ்ஓ என்ன. பிடித்த படத்தைத் திறந்து அந்த எண்களைக் குறித்துக்கொண்டு மறுவாரம் அதேபோல முயன்று பார்க்கலாம். சென்னை வீக்எண்ட் கிளிக்கர்ஸ் குழுவினர் வார இறுதியில் தெருத்தெருவாக நடந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள்கூடப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். 2007-ல் ‘தமிழில் புகைப்படக் கலை’ என்ற பெயரில் சிலர் கூடி, அபெர்ச்சர் என்றால் என்ன என்பதிலிருந்து தமிழிலேயே சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் ஒரு தலைப்பு கொடுத்துப் போட்டியும் வைத்தார்கள். ஆங்கிலக் கையேட்டைப் புரட்டிப் பயந்துபோய் எல்லாவற்றையும் ‘ஆட்டோ’வில் விட்டிருந்த பலர், கேமராவின் தலைமேலுள்ள வட்டத் திருகியை ‘ஏ’ பக்கம் திருப்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் வந்தது. 612 பிக்சல் சதுரம், அதன்மேல் ஒரு சாயப்பூச்சு. 2011-ல் ஃப்ளிக்கரிலேயே நிக்கான் டி90-ஐத் தள்ளிவிட்டு ஐபோன் 4 முதலிடத்துக்கு வந்தது. ஆனால் விற்பனை உடனே விழவில்லை என்பது வேடிக்கை. 2012-ல்தான் உலகெங்கும் ஏறக்குறைய 1.6 கோடி டிஎஸ்எல்ஆர்கள் கப்பலேறின. ஃபேஸ்புக்கில் ஒவ்வொரு கல்லூரி வகுப்பிலும் ஒருவன் தன் பெயருக்குப் பின்னால் ‘போட்டோகிராபி’ என்று சேர்த்துப் பக்கம் தொடங்கியது அந்தக் காலம். நண்பர்கள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து, டிஎஸ்எல்ஆரில் ஒரு டிபி எடுத்துக் கொடுடா என்று அவனைச் சுற்றி நிற்பார்கள். 2023-ல் கப்பலேறியவை 12 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு.

இடையில் மாறியது போனின் சென்சாரைவிட அதன் கணக்கு. இன்றைய போன் ஒரு முறை தொட்டால் பல படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, இருட்டில் இருந்த புள்ளிகளை அழித்து, வெளுத்த வானத்தை மீட்டு, நம் கைக்கு ஒன்றைக் கொடுக்கிறது. பின்புலத்தையும் அதுவே கரைக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் காதோர முடியில் நாலைந்து இழை காணாமல் போயிருக்கும். கண்ணாடி பிரேமின் ஓரம் கரைந்திருக்கும். யார் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள்? அன்று டிஎஸ்எல்ஆரின் பெருமையைக் காட்டிக்கொடுத்த அதே சின்னப் படம், இன்று போனின் குறைகளை மறைத்துக்கொடுக்கிறது. தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரின் தரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அந்தத் தரம் தெரிய வேண்டிய இடம்தான் இல்லாமல் போயிற்று.

திரையும் நிமிர்ந்துகொண்டது. 1,024-க்கு 768 மானிட்டரில் டிஎஸ்எல்ஆரின் கிடைவாட்டுப் படம் ஏறக்குறைய முழுத்திரையையும் பிடித்துக்கொள்ளும். செங்குத்தாகப் பிடித்த 1,080-க்கு 2,400 போனில் அதே படத்துக்குக் கிடைப்பது முப்பது சதவீத இடம். மேலும் கீழும் கறுப்பு. திருவண்ணாமலையை அகலமாக எடுத்தவருக்கு ஒரு பட்டை மிஞ்சுகிறது.

கேமராக் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. 2013-ல் நிக்கான் டி5300-க்குள் வைஃபை வந்தது. 2016-ல் கேனன் 1300டி-யிலும். 2018-ல் வந்த நிக்கான் டி3500, புளூடூத் வழியாகப் படங்களைத் தானே போனுக்கு அனுப்பியது. 2.4 கோடி பிக்சலில் எடுத்து, தானாக அனுப்புவது 20 லட்சம் பிக்சல் பிரதியை! அன்று எடுத்தவர் இரவில் உட்கார்ந்து செய்த வேலையைக் கேமராவே பொறுப்பேற்றுக்கொண்டது. அந்த வரிசையில் டி3500-க்குப் பிறகு நிக்கான் வேறொன்றை வெளியிடவில்லை. பணமும் புதுமையும் கண்ணாடியில்லாத மிரர்லெஸ் பக்கம் போய்விட்டன.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, பள்ளி ஆண்டு விழாவுக்குப் போனால் கணக்கு கொஞ்சம் பிசகும். மேடையில் கண்ணன் வேடத்தில் ஒரு பிள்ளை. பெற்றோருக்குக் கிடைத்ததோ பதினைந்தாவது வரிசை. முன்வரிசை முழுக்கத் தூக்கிப் பிடித்த போன்கள். பின்னாலிருந்து போனில் இழுத்து எடுத்தால் முகம் மெழுகு பூசியதுபோல் வழுக்கிவிடும். மயிற்பீலி பச்சையாக ஒரு திட்டு, அவ்வளவுதான். பக்கத்தில் பழைய டிஎஸ்எல்ஆரில் 55-250 லென்ஸ் மாட்டியவர், ஐஎஸ்ஓவை 3,200-க்கு ஏற்றி, பிள்ளை குழலை உதட்டுக்குக் கொண்டுபோகும் நேரம் பார்த்து அழுத்துகிறார். சற்றே சொரசொரப்பான படம்தான். ஆனால் கண்மை கலைந்திருப்பது தெரிகிறது. அவர் வீட்டுக்குப் போய் கார்டு ரீடரைப் போனில் செருகி வகுப்பு வாட்ஸப் குழுவில் போடும்போது மணி பத்து. அதற்குள் அந்தக் குழுவில் நிகழ்ச்சி பழையதாகிவிட்டது. கட்டை விரல்களும் கைகூப்புகளும் போட்டுவிட்டு எல்லோரும் தூங்கப் போயாயிற்று. வாட்ஸப் வேறு படத்தை 1,600 பிக்சலுக்கு அமுக்கிவிட்டது. மறுநாள் கண்ணனின் அம்மாவிடமிருந்து மட்டும் தனியாக ஒரு செய்தி: “அண்ணா, அந்தப் படத்தை டாக்குமென்ட்டா அனுப்புங்க. பிரேம் போடணும்.”

இழந்ததைச் சொல்லும்போது காசிமேட்டையும் சொல்ல வேண்டும். அன்று நாம் எடுத்த படங்களில் மீன்கூடை சுமந்த பெண்கள் இருந்தார்கள், வலை தைத்த முதியவர்கள் இருந்தார்கள். ‘அருமையான போர்ட்ரெய்ட்’ என்று பிரேசிலிலிருந்து பாராட்டு வந்தது. படத்தில் இருந்தவர் அதைப் பார்க்கவில்லை. பார்க்க வழியும் இல்லை. இன்று கடலோர இளைஞர்கள் நடுக்கடலில் படகிலிருந்தே போனில் வீடியோ எடுத்து, எந்த வலை, என்ன மீன், என்ன விலை போனது என்று தாங்களே சொல்கிறார்கள். வானம் வெளுத்துக் கிடக்கும், காற்று மைக்கில் இரையும். ஆனால் அவற்றில் தெரியும் காசிமேடு, ‘காத்திருப்பு’ என்று தலைப்பிட்ட நம் படங்களில் இருந்ததில்லை.

அண்மையில் தம்பி மகன் கேட்டான்: “பெரியப்பா, செகண்ட்ஸ்ல ஒரு டி3500 வருது. இன்ஸ்டாவுக்கு வாங்கலாமா?” இன்ஸ்டாவுக்கு மட்டும் என்றால் வேண்டாம், கையிலிருக்கும் போன் போதும் என்றேன். மேடை, பறவை, தேர் என்று தூரத்தில் நடப்பதை எடுக்க ஆசையிருந்தால் வாங்கு. லென்ஸுக்கும் சேர்த்துக் காசு வைத்துக்கொள் என்றும் சொன்னேன். அவன் அதைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. சிசிடி சென்சார் உள்ள பழைய கேமராவில் கலர் வேற மாதிரி வருமாமே என்றான். இப்போது அவன் வயதினரிடையே அது ஒரு மோகம். இருபது வருடத்துக்கு முன் நாம் ஏளனம் செய்த சட்டைப்பைக் கேமராக்களைக்கூட அந்தக் கலருக்காகத் தேடி வாங்குகிறார்கள்.

அப்படிப் பார்த்தால் 2006 நவம்பரில் வந்த நிக்கான் டி40-தான் அவனுக்கு ஏற்றது. சிசிடி சென்சார், 61 லட்சம் பிக்சல். புளூடூத் கிடையாது, வைஃபை கிடையாது, வீடியோவும் கிடையாது. பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால், பழைய 50 மி.மீ. லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுக்கும் சரிப்படாது. அதன் 3,008-க்கு 2,000 படத்தை இன்ஸ்டாவுக்காக நெடுவாக்கில் வெட்டினால் 1,600-க்கு 2,000 மிஞ்சும். இன்ஸ்டா கேட்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பேட்டரி மட்டும் இன்னும் சார்ஜ் நிற்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.