பந்தின் பின்னே ஓடும் பிள்ளை



விளையாட்டு பிள்ளைகளின் பிறப்புரிமை. அது மறுக்கப்படின் உடலும் உள்ளமும் ஒருங்கே குன்றும். ஆயினும் கொழும்பு போன்ற நெருக்கமான நகரில் விளையாட இடம் எங்கே? ஹெவ்லொக் டவுனையே எடுத்துக்கொள்வோம். 1890 முதல் 1895 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்த சேர் ஆதர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கிய இப்பகுதியில் ஹெவ்லொக் பூங்கா என்னும் திடல் உண்டு. ஆனால், பிரதான வீதியைக் கடந்து அங்கே தனியே போய்வர எல்லாச் சிறுவர்க்கும் இயலாது. ஆதலின், பாடசாலை விட்டு வந்ததும் அவர்கள் வீட்டு வாயிலிலுள்ள ஒழுங்கையிலேயே பந்தும் மட்டையுமாக இறங்கிவிடுகின்றனர்.

இங்கே ஆபத்து எவ்வாறு நேர்கிறது? பந்து வீதிக்கு உருள்கிறது. பிள்ளை அதன் பின்னே ஓடுகிறது. "வாகனம் வருமென்று எத்தனை தடவை சொன்னேன்!" என்று தாய் பதறுகிறாள். அவள் சொன்னதும் உண்மை; பிள்ளை கேட்டதும் உண்மை. எனினும், விளையாட்டில் மூழ்கிய சிறுவனின் மனம் ஒரே பொருளைத்தான் பற்றி நிற்கும். பந்தைக் கண்டவன் வண்டியைக் காண்பதில்லை. மேலும், நிறுத்தி வைக்கப்பட்ட காரின் உயரம் அவன் உயரத்தினும் அதிகம். சாரதியை அவனும் காணான். அவனைச் சாரதியும் காணார். சுவீடன் நாட்டு உளவியலறிஞர் ஸ்டீனா சாண்டெல்ஸ் என்னும் அம்மையார் 1960களில் இதனை ஆராய்ந்து, சிறு பிள்ளைகளைப் போதனையால் மட்டும் போக்குவரத்துக்கு ஏற்றவராக்கிவிட முடியாது என்று காட்டினார். பிள்ளை என்பவர் உருவத்தில் சிறுத்த பெரியவர் அல்லர்.

ஆகவே பொறுப்பின் பெரும்பகுதி பெரியவர்களாகிய நம்முடையதே.

முதலில் வாகனம் ஓட்டுவோர்க்கு ஒரு கணக்கு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் செல்லும். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்கே சாரதிக்கு ஏறக்குறைய ஒரு செக்கன் வேண்டும். அதன் பின்னரே வேகம் குறையத் தொடங்கும். 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் காரோ, உலர்ந்த வீதியில், ஏறத்தாழ 13 மீற்றருக்குள் முற்றாக நின்றுவிடும். அஃதாவது, மெதுவாக வந்த கார் நின்றுவிட்ட இடத்தில், விரைந்து வந்த கார் பிரேக் பிடிக்கவே தொடங்கியிராது. மழை பெய்து வீதி நனைந்திருப்பின் நிற்கும் தூரம் இன்னும் கூடும். ஒழுங்கையில் ஒரு பந்து உருண்டு வரக் கண்டால், அதன் பின்னே ஒரு பிள்ளை வருகிறது என்றே கொள்ளுங்கள்.

அடுத்துப் பெற்றோர். வாயிற் கதவைப் பூட்டியிடுதல், பந்து வீதிக்குப் போகாத பக்கமாக விக்கெட்டை நாட்டுவித்தல், மாலையில் பெரியவர் ஒருவர் அருகிலிருத்தல் ஆகிய மூன்றும் செலவில்லாத காவல்கள். அயலவர்கள் தம்முள் பேசி, முறைவைத்து ஒருவர் மேற்பார்வை செய்தல் மிக நன்று. வீட்டு முற்றத்தில் காரைப் பின்னோக்கி எடுக்குமுன், இறங்கி ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு பாடம் உண்டு. அதை அறிவுரையாகச் சொல்லாது, ஆட்டத்தின் விதியாகவே வகுத்துவிடுங்கள்: "பந்து வீதிக்குப் போனால் ஆட்டம் நின்றது, எடுத்து வருபவர் பெரியவரே, ஓடியவர் ஆட்டமிழந்தார்." அறிவுரையை மறக்கும் சிறுவன் ஆட்ட விதியை மறப்பதில்லை. வீதியைக் கடக்கும் வேளையில் ஓரத்தில் நின்று, முதலில் வலப்புறம், பின் இடப்புறம், மீண்டும் வலப்புறம் பார்க்கக் கையைப் பிடித்துப் பழக்குங்கள். நம் நாட்டில் வாகனங்கள் இடப்பக்கமாகச் செல்வதால், அருகே வரும் வண்டி வலப்புறமிருந்தே வரும்.

பிற நாடுகள் இதற்கு மேலும் சென்றுள்ளன. பிரித்தானியாவில் 1938ஆம் ஆண்டுச் சட்டமொன்று, சில தெருக்களை வாகனங்களுக்கு மூடிப் பிள்ளைகளின் விளையாட்டுக்கு விட உள்ளூராட்சி மன்றங்களுக்கு அதிகாரமளித்தது. நெதர்லாந்தில் 1976 முதல், குறித்த குடியிருப்புத் தெருக்களில் வாகனங்கள் நடை வேகத்திலேயே செல்லல் வேண்டும் என்பது சட்டமாயிற்று. நாமும் நம் ஒழுங்கைகளுக்கு இத்தகைய ஏற்பாட்டை மாநகர சபையிடம் கோரலாம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. வண்டியின் வேகத்தைக் குறைப்பதும், வாயிற் கதவைச் சாத்துவதும் இன்று மாலையே நம்மால் இயலும். பிள்ளையை வீட்டினுள் அடைத்து வைத்துக் காப்பது காப்பாகாது. அது விளையாடவும் வேண்டும், விளையாடி முடித்து வீடு திரும்பவும் வேண்டும்.